ஒத்துழைப்பு, கூட்டு, கூட்டுறவு, ஒருங்கிணைப்பு: அறிவிப்பிலும் உடன்படிக்கையிலும் எதை எங்கே எழுதுவது?

கண்மாய்க்கரை கேட்டது:

வணக்கம். ஒரு பாசனதாரர் சங்கத்துக்காக இரண்டு தாள்கள் எழுத வேண்டும். முதலாவது, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர்வார வீட்டுக்கு ஒருவரை மண்வெட்டியோடு வரச்சொல்லும் அறிவிப்பு. இரண்டாவது, எட்டுப் பேர் பணம் போட்டு வாங்கும் பவர் டில்லருக்கான உடன்படிக்கை. வரைவில் இப்போது இருப்பது இதுதான்:

"வரத்துக்கால் தூர்வாரும் பணிக்கு ஊர்மக்கள் அனைவரும் தங்கள் மேலான ஒத்துழைப்பை நல்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

"கீழே கையொப்பமிட்டுள்ள எண்வரும் கூட்டுறவு முறையில் பங்காளிகளாகச் சேர்ந்து..."

படித்துக் காட்டினால், முதல் தாளைக் கேட்டவர்கள் "சரி, செய்ங்க" என்று போய்விடுகிறார்கள். இரண்டாவதில் 'பங்காளி' வந்ததும் சிரிக்கிறார்கள். சொற்கள் எல்லாம் அகராதியில் இருப்பவைதான். எங்கே இடிக்கிறது? வேலையை நடத்துகிறவரை 'ஒருங்கிணைப்பாளர்' என்று போடலாமா? கூட்டு, கூட்டாண்மை, கூட்டமைப்பு, பங்கேற்பு என்று வரிசையாக இருக்கிறதே, பேச்சிலும் எழுத்திலும் எது எதற்கு என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

எழுத்தாணி எழுதியது:

முதல் தாளில் இடிப்பது 'ஒத்துழைப்பு'. பிரித்துப் பார்த்தால் ஒத்து உழைப்பதுதான். ஆனால் அந்தச் சொல்லை மக்கள் எங்கெல்லாம் கேட்டுப் பழகியிருக்கிறார்கள் என்று பாருங்கள். "பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை, பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும்." "பாலம் வேலை நடைபெறுகிறது. மாற்றுப் பாதையில் சென்று ஒத்துழைப்பு தரவும்." "அவர் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை." "உடம்பு ஒத்துழைக்கவில்லை." இவற்றில் எந்த இடத்திலும் கேட்பவர் கையை அழுக்காக்கிக்கொண்டு வேலை செய்யவில்லை. பொறுத்துக்கொள், மறிக்காதே, சொன்னபடி கேள் என்பதுதான் பொருள். 1920-இல் காந்தி தொடங்கியது 'ஒத்துழையாமை இயக்கம்' என்று தமிழில் நிலைத்ததும் இந்தப் பொருளோடுதான். அரசுப் பள்ளி, நீதிமன்றம், பட்டம் பதவி எல்லாவற்றையும் விட்டு விலகி, ஆட்சி நடக்க இடம் கொடுக்காமல் இருப்பது.

ஆக, "ஒத்துழைப்பை நல்குங்கள்" என்றால் "சரி, செய்ங்க" என்பதே சரியான பதில். யாரோ செய்யப்போகிறார்கள், நாம் குறுக்கே நிற்காவிட்டால் போதும் என்றுதான் காதில் விழுகிறது. ஆள் வரவேண்டும் என்றால் 'வாருங்கள்' என்று எழுதுங்கள். வீட்டுக்கு எத்தனை பேர், எந்தக் கருவி, எந்த இடம், எத்தனை மணி என்று எழுதுங்கள். 'மேலான', 'நல்குமாறு' இரண்டையும் எடுத்துவிடலாம்.

அதற்காக அந்தச் சொல்லை அடியோடு ஒதுக்க வேண்டாம். அதே அறிவிப்பில் அதற்குச் சரியான இடம் ஒன்று இருக்கிறது. கால்வாய்க் கரையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் பொக்லைன் போக வழிவிட வேண்டும், வெட்டிய மண்ணைக் கரையில் கொட்டச் சம்மதிக்க வேண்டும். அவர்களிடம் கேட்பதுதான் ஒத்துழைப்பு: "கரையோர நிலத்தார் வண்டி செல்ல வழிவிட்டு ஒத்துழைக்க வேண்டுகிறோம்." முக்கிய வேலை வேறொருவருடையது, இவருடையது இசைவு. அந்த நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

வேற்றுமை உருபிலும் கவனம் வேண்டும். ஆளுக்கு 'ஓடு' அல்லது 'உடன்', காரியத்துக்குக் 'கு'. அதிகாரியோடு ஒத்துழைத்தார், விசாரணைக்கு ஒத்துழைத்தார். பெயராக்கினால் கொடு, தா, அளி. "ஒத்துழைப்பு செய்தார்" என்று யாரும் பேசுவதில்லை, எழுத்தில் மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது.

அடுத்தது, சுவரொட்டிகளில் தினமும் பார்க்கும் பிழை. சேர்ந்து, சேர்த்து, இணைந்து, இணைத்து, ஒருங்கிணைந்து, ஒருங்கிணைத்து, கூடி, கூட்டி. ஒவ்வொரு இணையிலும் முதலாவது தானே செய்வது, இரண்டாவது இன்னொன்றைச் செய்விப்பது. "ரத்த வங்கியுடன் இணைத்து நடத்தும் முகாம்" என்றால் எதையோ கொண்டுபோய் ரத்த வங்கியில் ஒட்டவைத்ததாக ஆகிவிடும். 'இணைந்து நடத்தும்' என்பதே சரி. ஆனால் "எல்லாச் சங்கங்களையும் ஒருங்கிணைத்து" என்பது சரி, ஏனென்றால் அங்கே ஒருவர் மற்றவர்களைச் சேர்க்கிறார். 'ஐ' உருபு முன்னால் நின்றால் வல்லினத் 'த்து', 'உடன்' நின்றால் 'ந்து' என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. ஒரு விலக்கு உண்டு: "மதுரையைச் சேர்ந்த சங்கம்". இங்கே 'ஐ' வந்தும் 'சேர்ந்த'தான், ஏனென்றால் பொருள் 'உரிய' என்பது. "மதுரைச் சங்கத்தோடு சேர்ந்து" என்றால்தான் கூட வேலை செய்வது.

இவற்றுக்குள் சாயல் வேறுபாடும் உண்டு. 'சேர்ந்து' எங்கும் செல்லும், பேச்சிலும் எழுத்திலும் கூசாது. 'இணைந்து' என்றால் இரண்டு தரப்பும் தத்தம் பெயரோடு தனியாக நிற்கின்றன, ஒரு காரியத்துக்கு மட்டும் சேர்கின்றன. அதனால் நிறுவனங்களுக்குப் பொருந்தும், அண்ணன் தம்பிக்குப் பொருந்தாது. "நானும் அண்ணனும் இணைந்து தோசை சுட்டோம்" என்று யாரும் சொல்வதில்லை. 'கூடி' என்றால் பலர் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். "ஊர் கூடி முடிவெடுத்தது" என்றால் கூட்டம் நடந்திருக்கிறது என்று பொருள், வாட்ஸாப்பில் கருத்துக் கேட்டதற்கு அது பொருந்தாது. 'ஒன்றிணைந்து' கோரிக்கைக்கும் போராட்டத்துக்கும். 'ஒருங்கிணைந்து' என்றால் வெவ்வேறு வேலை செய்கிறவர்கள் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு செய்வது.

'கைகோர்த்து' என்று எழுதாதீர்கள். வினை 'கோ', அதனால் 'கைகோத்து'. பூவைக் கோத்தாள், ஊசியில் நூல் கோத்தாள் என்பதுபோல.

---

பேரேடு எழுதியது:

இரண்டாம் தாளைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே சொல் தவறினால் பணத்தில் போய் முடியும்.

'கூட்டுறவு' என்பதைச் சும்மா அழகுக்குப் போட முடியாது. அது பதிவுபெற்ற சங்கத்துக்கு உரிய சொல். இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான முதல் சட்டம் 1904-இல் வந்தது. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அடுத்து வந்த 1912-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, பதிவு செய்யாதவர்கள் பெயரில் 'கூட்டுறவு' என்று வைத்துத் தொழில் நடத்தத் தடை இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் உள்ளது 1983-ஆம் ஆண்டுச் சட்டம். கூட்டுறவின் உயிர்நாடி, எவ்வளவு பங்குத்தொகை போட்டிருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. துணைவிதி, பொதுப்பேரவை, தணிக்கை எல்லாம் அதைத் தொடர்ந்து வரும். எட்டுப் பேர் டில்லர் வாங்குவது அந்த வகையே அல்ல. "கூட்டுறவு முறையில்" என்ற இரண்டு சொல்லையும் அடித்துவிடுங்கள்.

'கூட்டாண்மை' என்பது 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி தொழில் நடத்தி லாபத்தைப் பகிர்வது. அதில் ஒருவர் செய்தது எல்லோரையும் கட்டும். ஒருவர் தொழிலுக்காகக் கடன் வாங்கினால் மற்றவர்களும் பொறுப்பு. எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால் லாபமும் நஷ்டமும் சமபாகம். உங்கள் எட்டுப் பேரில் ஒருவர் மூன்று பங்குப் பணம் போட்டிருந்து, தாளில் விகிதம் எழுதாமல் 'கூட்டாண்மை' என்று மட்டும் எழுதியிருந்தால் வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்துப் பாருங்கள். டில்லரைத் தங்கள் வயலுக்கு ஓட்டிக்கொண்டு, ஒழிந்த நேரத்தில் வெளியாளுக்கு வாடகைக்கு விட்டு வரும் பணத்தைப் பிரிப்பதாக இருந்தால் அது மட்டுமே கூட்டாண்மை ஆகிவிடாது. பொதுவாக உள்ள சொத்திலிருந்து வரும் வருமானத்தைச் சொந்தக்காரர்கள் பகிர்ந்துகொள்வதால் மட்டும் அவர்கள் கூட்டாளிகள் ஆவதில்லை என்று அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஆகவே உங்களுக்கு வேண்டிய சொல் 'கூட்டு உரிமை'. நீங்கள் கூட்டு உரிமையாளர்கள்.

'பங்காளி'க்குச் சிரித்தது நியாயம்தான். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பங்காளி என்றால் அப்பா வழி ஆண் உறவு: சித்தப்பா, பெரியப்பா மக்கள், ஒரே குலதெய்வக்காரர்கள். மாமன் மச்சான் முறைக்கு எதிர்ப்பக்கம். எட்டுப் பேரில் மாமனும் மருமகனும் இருந்துவிட்டால் அவர்களைப் பங்காளிகள் என்று எழுதுவது முறையையே புரட்டுவது. பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களிலும் இந்தப் பொருளில்தான் வரும். சொத்து பற்றிய தாளில் இரண்டு பொருள் தரும் சொல் கூடாது. 'பங்குதாரர்' பரவாயில்லை, ஆனால் கம்பெனியில் பங்கு வைத்திருப்பவருக்கும் அதே சொல்தான். 'கூட்டாளி' என்பது பாடப்புத்தகத்தில் கூட்டாண்மைக்கு உரியது. செய்தித்தாளில் அது வேறு விதமாக வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு தொடரைப் பற்றி எச்சரிக்கை செய்ய வேண்டும்: "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு". கேட்பதற்குக் கம்பீரமாக இருப்பதால் பலர் மாதிரிப் பத்திரத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதன் பொருள், மொத்தக் கடனையும் எட்டுப் பேரில் யாராவது ஒருவரிடமே முழுதாக வசூலிக்கலாம் என்பது. வங்கிகள் 4 முதல் 10 பேர் வரை சேர்த்துக் கடன் கொடுக்கும் 'கூட்டுப் பொறுப்புக் குழு'வின் அடிப்படையே அதுதான். வங்கிக் கடனில் டில்லர் வாங்கினால் அந்தத் தொடர் வங்கித் தாளில் வரும், தவிர்க்க முடியாது. உங்களுக்குள் எழுதிக்கொள்ளும் தாளில் அதற்கு நேர்மாறாக, "ஒவ்வொருவரும் தம் பங்கின் அளவுக்கே பொறுப்பு" என்று எழுதுங்கள். வெளியே ஒருவர் மொத்தமாகக் கட்ட நேர்ந்தாலும், மற்ற ஏழு பேரிடம் அவரவர் பங்கைக் கேட்டு வாங்க இந்த வரி உதவும்.

'கூட்டு' முன்னால் வந்தாலே எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கூட்டுப் பட்டாவில் பல பேர் பெயர் ஒரே தாளில் இருக்கும். உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கும்வரை யாருக்கு எந்த மூலை என்று தாள் சொல்லாது. ஆனால் 2017-18-இல் தமிழக அரசு கொண்டுவந்த கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் நிலம் ஒன்றாவதில்லை, வரப்பும் அப்படியேதான் இருக்கும். 20 பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழுக்கள் ஐந்து சேர்ந்து 100 பேர் உழவர் உற்பத்தியாளர் குழு. அந்தக் குழுவுக்குக் கருவி வாங்க 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி கொடுத்தார்கள். விதை, உரம் வாங்குவதும் விளைச்சலை விற்பதும்தான் கூட்டாக. ஒரே 'கூட்டு', ஒன்றில் நிலம் கலக்கிறது, இன்னொன்றில் கலக்கவில்லை. அதனால் எதில் கூட்டு என்று அடுத்த சொல்லிலேயே சொல்லிவிட வேண்டும்.

'கூட்டமைப்பு' உங்களுக்கு வேண்டாம். அதில் உறுப்பினர்கள் தனி ஆட்கள் அல்ல, அமைப்புகள். 12 முதல் 20 பெண்கள் சேர்ந்தால் மகளிர் சுய உதவிக் குழு. அந்தக் குழுக்கள் பல சேர்ந்தால் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு. பத்துக் கண்மாய்ச் சங்கங்கள் சேர்ந்தால் அப்போது அந்தப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

---

கண்மாய்க்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. 'கூட்டு உரிமையாளர்கள்' என்றே மாற்றிவிடுகிறேன். ஒரு சிக்கல் மிச்சம். தூர்வாரும் வேலைக்குச் சில வீட்டில் ஆள் இல்லை, வெளியூரில் இருக்கிறார்கள், பணம் அனுப்புகிறோம் என்கிறார்கள். டில்லரிலும் இரண்டு பேர் பணம் மட்டும்தான், ஓட்டவோ பார்க்கவோ வரமாட்டார்கள். இவர்களுக்கு என்ன சொல்?

---

மடைவாய் எழுதியது:

இதற்குத்தான் பங்கேற்பு, பங்களிப்பு என்று இரண்டு சொல் இருக்கின்றன. பெரும்பாலானோர் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுவிடுகிறார்கள். பங்கேற்பது என்றால் ஆள் வந்து நிற்க வேண்டும். பங்களிப்பது என்றால் எதையாவது தர வேண்டும்: பணம், டீசல், சாப்பாடு, சாக்கு எதுவானாலும். வெளியூர்க்காரர் பங்களிக்கிறார், பங்கேற்கவில்லை. மண்வெட்டியோடு வந்தவர் இரண்டையும் செய்கிறார். சங்கப் பதிவேட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போட்டுவிடுங்கள். பிறகு தண்ணீர் பாய்ச்சும் முறை வைக்கும்போது "நானும்தான் செய்தேன்" என்ற வாக்குவாதம் வரும், பதிவேடு பேசும்.

ஆனால் இங்கே இன்னும் முக்கியமானது, அது விருப்பமா கட்டாயமா என்பது. கோயில் திருவிழாவுக்கு ஊரில் போடுவது 'தலைக்கட்டு வரி'. ஒரு தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவான பிறகு அதைப் 'பங்களிப்பு' என்று சொல்வதில்லை, 'நன்கொடை' என்றும் சொல்வதில்லை. வரி என்றே சொல்கிறார்கள். அதற்குமேல் மனமுவந்து கொடுப்பதுதான் நன்கொடை. அந்தத் தெளிவு உங்கள் அறிவிப்பிலும் இருக்கட்டும். ஆள் வராத வீடு ஒருநாள் கூலி கட்டியாக வேண்டும் என்று சங்கம் தீர்மானித்திருந்தால், "ஆள் வர இயலாதோர் ஒருநாள் ஆள் கூலி செலுத்த வேண்டும்" என்று நேராக எழுதுங்கள். 'பங்களிப்பு வரவேற்கப்படுகிறது' என்று எழுதிவிட்டுப் பிறகு வீடு வீடாகப் போய் வசூல் செய்தால் மனக்கசப்புதான் மிஞ்சும். கூலித் தொகையையும் அந்தப் பருவத்தில் ஊரில் உண்மையில் ஓடும் கூலிக்குச் சமமாக வையுங்கள். குறைவாக வைத்தால் வர முடிந்தவர்களும் பணத்தைக் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள்; கடைசியில் பணம் இருக்கும், வெட்ட ஆள் இருக்காது.

இந்த வேலைக்கே நம்மிடம் ஒரு பழைய சொல் உண்டு, 'குடிமராமத்து'. மராமத்து என்பது பழுதுபார்த்தல். குடிகளே செய்வதால் குடிமராமத்து. கரையைக் காப்பதும் கால்வாயில் மண் எடுப்பதும் இதில் அடங்கும். இதுவும் விருப்பப் பணி மட்டுமாக இருந்ததில்லை. 1858-இல் சென்னை மாகாணத்தில் இதற்கென்று கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்ததால், இப்போது 'குடிமராமத்து' என்று எழுதினால் அரசுப் பணம் வந்திருக்கிறது என்றே பலர் நினைப்பார்கள். அரசுப் பணம் இல்லாத வேலைக்கு அந்தத் தலைப்பை வைக்காதீர்கள். "எவ்வளவு சாங்ஷன் ஆச்சு?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

---

பனங்காமம் எழுதியது:

ஈழத்து வழக்கையும் சொல்லி வைக்கிறேன், புலம்பெயர்ந்த ஆட்களுக்கும் தாள் போகுமெண்டால் உதவும்.

எங்கட பக்கம் இப்பிடி ஊர் கூடிச் செய்யிற துப்புரவு வேலைக்குச் 'சிரமதானம்' எண்டுதான் பேர். சிரமம் எண்டால் இங்க உழைப்பு, கஷ்டம் இல்லை. உழைப்பைத் தானமாகக் குடுக்கிறது. இலங்கையில 1958-இல் தொடங்கின சர்வோதய இயக்கம் இந்தச் சொல்லை நாடு முழுக்கக் கொண்டுபோனது. பாடசாலை வளவு, மயானம், வாய்க்கால், கோயில் வீதி எல்லாத்துக்கும் "ஞாயிற்றுக்கிழமை சிரமதானம்" எண்டு அறிவிச்சால் மண்வெட்டி, கத்தியோட வரவேணும் எண்டு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். கூலி இல்லை, தேத்தண்ணி, மத்தியானச் சாப்பாடு இருக்கும். அந்தச் சொல்லைத் தமிழ்நாட்டில் போட்டால் கஷ்டத்தைத் தானம் குடுக்கச் சொல்றதாய் விளங்கும், அதனால உங்கட தாளுக்கு வேண்டாம்.

கூட்டாண்மைக்கு எங்கட வணிகக்கல்விப் புத்தகத்தில் 'பங்குடைமை'. அதில் சேருறவர் பங்காளர். 'பங்காளி' எண்டு வியாபாரத்தில் சொன்னாலும் இங்க ஒருத்தரும் சிரிக்க மாட்டினம், உறவுமுறைப் பொருள் அவ்வளவு முன்னுக்கு நிக்கிறதில்லை. 'கூட்டுத்தாபனம்' எண்டால் அரச நிறுவனம், உங்கட போக்குவரத்துக் 'கழகம்' மாதிரி. எங்களுக்குக் கழகம் எண்டதும் முதல்ல நினைவு வாறது விளையாட்டுக் கழகம். கூட்டுறவு மட்டும் இரண்டு பக்கமும் ஒண்டுதான்: பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், பேச்சில 'சங்கக்கடை'.

மலேசியாவில் சிரமதானத்துக்கு மலாய்ச் சொல்லையே எடுத்துக் 'கோத்தோங் ரோயோங்' எண்டு தமிழர்களும் சொல்லுவினம். கூட்டுறவு அங்கயும் கூட்டுறவுதான்; தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டி அரசியல் தலைவர் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கினது தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்.

---

ஒத்தாசை எழுதியது:

எல்லோரும் எழுத்தைப் பார்க்கிறீர்கள், பேச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். அறிவிப்பு ஒட்டினாலும் ஆள் வருவது வாயால் கூப்பிட்டால்தான்.

பேச்சில் 'ஒத்துழைப்பு' கிட்டத்தட்ட இல்லை. இருப்பவை: சேந்து, ஒண்ணா, கூட, கூடமாட, கை குடு, ஒத்தாசை. இவை எல்லாம் ஒரே பொருளில்லை. "சேந்து செய்வோம்" என்றால் வேலை இரண்டு பேருடையதும். "கூடமாட இரு" என்றால் வேலை என்னுடையது, நீ அருகில் இருந்து எடுத்துக் கொடுத்து உதவு. 'ஒத்தாசை'யும் அதே பக்கம்தான், உதவுகிறவர் துணை ஆள். அதனால் வரத்துக்கால் வேலைக்கு "கொஞ்சம் ஒத்தாசையா வாங்க" என்று கூப்பிட்டால், சங்கத்தின் வேலைக்குத் தான் உதவப் போவதாக அவர் நினைப்பார். பத்து மணிக்கு வந்து பதினொரு மணிக்குக் கிளம்பினாலும் குறை சொல்ல முடியாது, உதவிக்குத்தானே வந்தார். "நம்ம காலு, நம்மளே வெட்டுவோம், வீட்டுக்கு ஒரு ஆளு" என்று கூப்பிடுங்கள். 'நாம்' சொல்கிற இடத்தில் 'நாங்கள்' சொல்லிவிடக் கூடாது. "நாங்க வெட்டப் போறோம்" என்ற உடனே கேட்பவர் வெளியே போய்விட்டார். தமிழில் இந்த இரண்டும் தனித்தனியாக இருப்பது கூட்டு வேலைக்குப் பெரிய வசதி. அறிவிப்பிலும் "நாம் அனைவரும்" என்றே எழுதுங்கள், "நாங்கள்" சங்க நிர்வாகிகளின் கையெழுத்துக்குப் பக்கத்தில் மட்டும்.

'கையாள்' என்பதைப் பார்த்துப் பேச வேண்டும். வேலைத்தளத்தில் உதவி ஆள் என்று வரும், அரசியல் பேச்சில் ஏவல் ஆள் என்றாகிவிடும். 'எடுபிடி' எப்போதும் தாழ்வுதான், வயதில் சின்னவரானாலும் சொல்லாதீர்கள். 'உடந்தை'யும் 'கூட்டுச் சதி'யும் குற்றத்துக்கு மட்டும். "அவரும் இதுக்கு உடந்தை" என்று நல்ல காரியத்துக்குச் சொன்னால் அடிதடிதான். 'கூட்டாளி' பேச்சில் சிநேகிதன் என்று நல்ல பொருளில் வரும், ஆனால் "கூட்டாளிகள் மூவர் கைது" என்று படித்துப் படித்து எழுத்தில் அது கறைபட்டுவிட்டது. 'கூட்டுச் சேர்ந்து' என்பதும் அப்படியே, எழுத்தில் பாதி நேரம் கெட்ட சேர்க்கைதான்.

வயல் வேலைக்கு ஆளுக்கு ஆள் மாறிப் போவதை, அதாவது இன்றைக்கு உங்கள் வயலில் நான், நாளைக்கு என் வயலில் நீங்கள் என்பதை, 'கைமாற்று' என்று எழுதிவிடாதீர்கள். கைமாற்று என்றால் வட்டியில்லாமல் சில நாளுக்கு வாங்கும் பணம். "ஆளுக்கு ஆள்" என்று எழுதினால் போதும், எல்லோருக்கும் புரியும். அதில் கணக்கு எப்போதும் நாளில்தான், ரூபாயில் அல்ல. அரைநாள் வந்தவருக்கு அரைநாள் திருப்ப வேண்டும். நடவுக்கு வந்தவருக்குக் களையெடுக்கும் காலத்தில் திருப்பினால் சமமா என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும், நடவுக் கூலி கூடுதலாக இருக்கும்.

---

எழுத்தாணி எழுதியது:

'ஒருங்கிணைப்பாளர்' கேள்வி அப்படியே நிற்கிறது. என் கருத்து, தூர்வாரும் வேலைக்கு அது பொருந்தும், டில்லருக்குப் பொருந்தாது. ஒருங்கிணைப்பாளர் என்பவர் வெவ்வேறு ஆட்களின் வேலை மோதாமல் பார்ப்பவர். பொக்லைன் எந்தப் பக்கத்திலிருந்து வரும், எந்தத் தெரு ஆட்கள் எந்த நீளம், சாப்பாடு எத்தனை பேருக்கு, இதெல்லாம் அவர் பொறுப்பு. யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரமோ பணத்தைக் கையாளும் அதிகாரமோ அந்தச் சொல்லுக்குள் இல்லை. அதனால்தான் தலைவர் பதவிக்குப் போட்டி வரும் இடங்களில் இரு தரப்பும் இந்தச் சொல்லில் சமாதானம் ஆகிறார்கள். பணம் யாரிடம் இருக்கிறதோ அவரைப் 'பொருளாளர்' என்று தனியாக எழுதுங்கள்.

---

பேரேடு எழுதியது:

டில்லருக்கு 'பொறுப்பாளர்' போதும். சாவி, டீசல் நோட்டு, பழுது இந்த மூன்றும் அவரிடம். பணம் மட்டும் போட்ட இருவரும் மற்ற ஆறு பேரைப் போலவே கூட்டு உரிமையாளர்கள், அதில் வேறுபாடு வேண்டாம். வேறுபாடு ஓட்டும் முறையில் வரட்டும். அவர்கள் ஓட்டாவிட்டால் வாடகை வருமானத்தில் மட்டும் பங்கு, ஓட்டுகிறவருக்கு மணிக்கூலி முதலில் கழிக்கப்படும். வரைவு இப்படி:

"கீழே கையொப்பமிட்டுள்ள எண்வரும் அட்டவணையில் கண்ட தொகைகளைச் செலுத்தி வாங்கியுள்ள பவர் டில்லரின் கூட்டு உரிமையாளர்கள் ஆவோம். ரசீது ஒருவர் பெயரில் இருப்பினும், அவர் அதை எண்வருக்காகவும் வைத்திருக்கிறார். ஒவ்வொருவரும் தம் பங்கின் அளவுக்கே செலவுக்கும் இழப்புக்கும் பொறுப்பு. உழவுப் பருவத்தில் ஓட்டும் முறை அட்டவணைப்படி; முறையை விட்டுக்கொடுப்பவர் பொறுப்பாளரிடம் முன்னதாகச் சொல்ல வேண்டும். டீசல் ஓட்டுபவர் செலவு. தேய்மானப் பழுது எண்வரின் பொதுச் செலவு. கவனக்குறைவால் வரும் பழுது அப்போது ஓட்டியவர் செலவு. விலக விரும்புபவர் தம் பங்கை முதலில் மற்ற உரிமையாளர்களுக்கே தர முன்வர வேண்டும்."

'தேய்மானப் பழுது' எது, 'கவனக்குறைவு' எது என்று இரண்டு உதாரணமாவது சேர்த்துவிடுங்கள். கலப்பைக் கத்தி தேய்வது, பெல்ட் அறுவது முதல் வகை. என்ஜின் ஆயில் பார்க்காமல் ஓட்டி என்ஜின் பிடித்துக்கொள்வது இரண்டாம் வகை. பல தாள்கள் கிழிவது இந்த இடத்தில்தான்.

---

மடைவாய் எழுதியது:

அறிவிப்புக்கு என் வரைவு:

"நம் கண்மாயின் வரத்துக்காலை வரும் ஞாயிற்றுக்கிழமை நாம் அனைவரும் சேர்ந்து தூர்வாருகிறோம். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டி, கூடையுடன் காலை 6 மணிக்கு மதகடிக்கு வாருங்கள். வேலை பகல் 12 மணி வரை. மதியச் சாப்பாடு உண்டு. ஆள் வர இயலாதோர் ஒருநாள் ஆள் கூலியைச் சனிக்கிழமைக்குள் பொருளாளரிடம் செலுத்த வேண்டும். கரையோர நிலத்தார் வண்டி செல்ல வழிவிட்டு ஒத்துழைக்க வேண்டுகிறோம்."

தேதியையும் ஒருங்கிணைப்பாளர் பெயரையும் செல்பேசி எண்ணையும் கீழே போடுங்கள். கூலித் தொகையை எண்ணில் போடுங்கள், "உரிய கூலி" என்று விட்டுவிட வேண்டாம். ஆட்கள் வந்ததும் நீளத்தைத் தெரு வாரியாக அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிரித்துக் கொடுங்கள். பிரிக்காமல் எல்லோரையும் ஒரே இடத்தில் இறக்கினால் மதகடியில் கூட்டம் நிற்கும், மேல்கால் வெட்டாமல் கிடக்கும்.